ரியாக்டிவ் பவர்: ‘எதிர்வினைத் திறன்’ பொருந்துமா?

> மின்னியலில் வரும் ரியாக்டிவ் பவருக்கு (reactive power) தமிழில் ‘எதிர்வினைத் திறன்’ என்று போடலாமா?

வேண்டாமே. எதிர்வினை என்றதும் வேதியியல்தான் நினைவுக்கு வரும். இலங்கை வழக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. நாம் பயனுறுதிறன் (efficiency) என்பதை அங்கே வினைத்திறன் என்பார்கள். ‘எதிர்’ சேர்ந்தால் அதற்கு எதிர்ப்பதம் போலாகிவிடும்.

பொருளை முதலில் பார்ப்போம். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் ஒரு மோட்டார் 10 ஆம்பியர் எடுக்கிறது, பவர் ஃபேக்டர் (மொத்தத்தில் உண்மையாகச் செலவாகும் பங்கு) 0.8 என்று வையுங்கள். பெருக்கினால் 2300 வோல்ட்-ஆம்பியர். அதில் வேலையாகவும் வெப்பமாகவும் போவது 1840 வாட். ரியாக்டிவ் பங்கு 1380 வார், அதாவது ரியாக்டிவ் வோல்ட்-ஆம்பியர் (VAR). (நேரடியாகக் கூட்டினால் 2300 வராது, வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கவேண்டும்.) இந்த 1380 செலவாவதே இல்லை. சுருளின் காந்தப்புலம் 5 மில்லிநொடி ஆற்றலை வாங்கி வைத்து, அடுத்த 5 மில்லிநொடியில் திருப்பித் தந்துவிடுகிறது. நொடிக்கு 100 முறை இந்தப் போக்குவரத்து.

> அப்போ ‘வீண்திறன்’ என்றே சொல்லலாமே?

காந்தப்புலம் இல்லாமல் மோட்டார் சுற்றாது, அதனால் வீண் இல்லை. வீணாவது மோட்டாருக்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பியில்தான். மோட்டாருக்குப் பக்க இணைப்பில் 83 மைக்ரோஃபாரட் மின்தேக்கியைப் போட்டால் கம்பியில் வருவது 8 ஆம்பியர். கம்பியின் வெப்ப இழப்பு 36 விழுக்காடு குறையும். மோட்டாருக்கு வேண்டிய 1380 வார் அப்படியேதான் இருக்கும், பக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது. நிறையப் போட்டால் நல்லது என்று 166 போட்டால் மறுபடி 10 ஆம்பியர்! இம்முறை மின்னோட்டம் வோல்டேஜை முந்தும்.

போய்ப்போய் வருவதால் என் பரிந்துரை ‘ஊசல் திறன்’. பவரை வலு என்னும் இலங்கையில் ‘ஊசல் வலு’. கூடவே அந்த 1840 வாட்டுக்கு மெய்த்திறன், 2300 வோல்ட்-ஆம்பியருக்குத் தோற்றத் திறன்.

> போய் வருவதன் சராசரி சுழி (பூஜ்யம்) தானே, ‘சுழித்திறன்’ போதாதா?

‘சுழித்திறன் 1380 வார்’ என்று எழுதிப் பாருங்கள், இடிக்கும். இந்த எண் ஊசலின் வீச்சு (உச்ச அளவு), சராசரி அல்ல.

> சமச்சீரான மூன்று ஃபேஸில் (மும்முனை மின்சாரத்தில்) மொத்தத் திறன் மாறாமல் நிற்குமே. ஊசல் எங்கே?

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். ஒவ்வொரு ஃபேஸிலும் ஊசல் உண்டு. ஒன்று திருப்புவதை மற்றவை வாங்கிக்கொள்வதால் கூட்டினால் தெரியாது. ஆகவே வரையறையில் ‘ஃபேஸ் ஒன்றுக்கு’ என்ற சொற்கள் கட்டாயம் வேண்டும். மூன்று ஃபேஸுக்குச் சொல்லும் வார், அந்த மூன்று வீச்சுகளின் கூட்டுத்தொகை.