விங்ஸ்பேனுக்கு 'விரிபாகம்'

வணக்கம். நம்ம அந்துப்பூச்சி பட்டியல்ல விங்ஸ்பேனுக்கு (wingspan) தமிழ்ல அக்கா 'இறக்கை நீளம்'னே வச்சுக்கலாம்னு எழுதியிருந்தீங்க, எனக்கு அதுல ஒப்புதல் இல்ல.

நீளம்னா ரெண்டு அளவு குழம்பிடும்க்கா. முன்சிறகோட அடியிலேருந்து நுனி வரைக்கும் ஒண்ணு, ரெண்டு பக்கமும் விரிச்சு இந்த நுனிலேருந்து அந்த நுனி வரைக்கும் இன்னொண்ணு, இதுதான் விங்ஸ்பேன். போன மழைக்கு தண்டையார்பேட்டைல எங்க வீட்டு நந்தியாவட்டைல அரளி அந்துப்பூச்சி ஒண்ணு உக்காந்திருந்துச்சு, போட்டோ எடுத்து முன்சிறக அளந்து 46 மில்லிமீட்டர்னு 'சிறகு நீளம்' கட்டத்துல போட்டேன், பட்டியல சரிபார்த்தவரு அத விங்ஸ்பேன்னு எடுத்துகிட்டு, 9லேருந்து 11 சென்டிமீட்டர் இருக்கவேண்டியது இவ்ளோ சின்னதா இருக்காது, இது வேற இனம்னு தள்ளிட்டாரு. பூச்சி மேலயும் தப்பில்ல, அளவுலயும் தப்பில்ல, சொல்லுதான் பத்தல.

இந்தியப் பகுதி அந்துப்பூச்சிகளப் பத்தி ஹாம்ப்சன் 1892ல எழுதின புத்தகத்துல குடுத்திருக்கிறது விரிச்ச அளவு. நாம எடுக்கிறதோ உசுரோட சிறக மடிச்சு உக்காந்திருக்கிற பூச்சி, அதுல முன்சிறகு நீளம்தான் அளக்க முடியும். ஊசி குத்தி பலகைல விரிச்சாலும் முன்சிறகோட பின்விளிம்பு உடம்புக்கு செங்குத்தா வரணும், சாய்ஞ்சா அளவு மாறிடும்.

எங்க தாத்தா காசிமேட்டுல கட்டுமரத்துல போனவரு. ஆழம் சொன்னா பாகத்துலதான் சொல்லுவாரு. ரெண்டு கையையும் பக்கவாட்டுல நீட்டினா விரல் நுனிக்கு நுனி ஒரு பாகம், சுமாரா 6 அடி, குண்டு கட்டின கயித்த மேல இழுக்கிறப்ப கைய விரிச்சு விரிச்சு எண்ணுவாரு. பூச்சி சிறகுல நாம அளக்கிறதும் அதேதான? அதனால 'விரிபாகம்'. வெறும் 'சிறகுப் பாகம்'னா சிறகோட ஒரு பகுதின்னு படிச்சிடுவாங்க, விரி முன்னாடி வந்தா அளவுன்னு புரியும். 'மார்'னும் யோசிச்சேன், நெஞ்சு ஞாபகம் வருது, வேணாம்.

ஸ்கேல் வைக்கிறவங்க ஒண்ணு கவனிங்க, சிறகு இருக்கிற அதே உயரத்துல இருக்கணும், கேமரா நேர் எதிர்ல. பூச்சி செடில, ஸ்கேல் தரைலன்னா கிட்ட இருக்கிற பூச்சி பெருசா தெரியும், கணக்கு முழுக்க தப்பாயிடும்.

அட்டவணைல முன்சிறகு நீளம், விரிபாகம்னு ரெண்டு கட்டம் போடலாம். விரிச்சு அளக்காத பூச்சிக்கு ரெண்டாவது கட்டத்த காலியாவே விடுங்க, முன்சிறகு நீளத்த ரெண்டால பெருக்கி நிரப்பாதீங்க.