கதிர்காமப் பாதயாத்திரை: சீனி வருத்தம் உள்ள அம்மாவுக்கு என்ன செருப்பு நல்லது?

கேள்வி (களுவாஞ்சிக்குடி)

எல்லோருக்கும் வணக்கம். அம்மா இந்த ஆடிவேலுக்குக் கதிர்காமத்துக்கு நடந்து போவதாக நேர்த்தி வைத்திருக்கிறார். வயது 58. சீனி வருத்தத்துக்கு நீண்ட காலமாகக் குளிசை எடுக்கிறார். எங்கள் ஊர்க் குழுவோடு காரைதீவு, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில், பாணமை வழியாக உகந்தை போய், அங்கிருந்து காட்டுப்பாதையால் போவதாகத் திட்டம்.

வெறுங்காலோடு போகத்தான் அவருக்கு விருப்பம். நாங்கள் கெஞ்சியதில் அரைமனதோடு செருப்புக்குச் சம்மதித்தார். ஓட்டச் சப்பாத்து ஒரு சோடி வாங்கிக் கொடுத்தோம். பின்னேரங்களில் அதைப் போட்டு நடந்துவிட்டு வந்தால் இரண்டு காலிலும் சின்னவிரல் ஓரம் சிவந்திருக்கிறது. கேட்டால் "நோகவில்லையே" என்கிறார். பாட்டாச் செருப்பு பழகியதுதான், ஆனால் இப்போது அது கழன்று பின்னால் கிடப்பது தெரியாமலே நாலைந்து அடி போய்விடுகிறார். எதைப் போடச் சொல்வது?

பதில் (திருக்கோவில்)

தங்கச்சி, எங்கள் வீட்டில் பரம்பரையாக வெறுங்காலோடுதான் போகிறோம். விடியப்புறம் நடையைத் தொடங்கி, தார் சுட முதல் ஏதாவது கோயிலிலோ மரநிழலிலோ தங்கிவிடுவோம். ஆனால் எங்கள் கால் வயலிலும் கடற்கரையிலும் உரமேறிய கால். வீட்டுக்குள்ளும் செருப்புப் போட்டுப் பழகியவர் வெறுங்காலோடு கிளம்பினால் அக்கரைப்பற்றைத் தாண்ட முதலே கொப்பளம் வந்துவிடும். அம்மாவின் நேர்த்தியை மட்டும் யாரும் குறைத்துப் பேச வேண்டாம்.

பதில் (மட்டக்களப்பு, தாதி உத்தியோகம்)

தங்கச்சி, நீங்கள் எழுதியதில் செருப்பைவிடப் பெரிய விசயம் ஒன்று இருக்கிறது. செருப்பு கழன்றது தெரியவில்லை, சிவந்த இடம் நோகவில்லை: இந்த இரண்டும் காலில் உணர்ச்சி குறைவதற்கான அடையாளங்கள். பல வருடம் சீனி கூடியிருந்தால் கால் நரம்புகள் பழுதாகலாம். கொப்பளம் உடைந்தாலும் முள் ஏறினாலும் மணல் சுட்டாலும் அவருக்குத் தெரியாது. அப்படியே நடப்பார், காயம் ஆழமாகும், கிருமி தொற்றும். விரல் கழற்ற வேண்டி வருவது பெரும்பாலும் இப்படித் தொடங்கிய சின்னக் காயத்தில்தான்.

ஆகவே முதலில் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். 10 கிராம் அழுத்தம் கொடுக்கும் மெல்லிய நைலோன் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்பார்கள். நோகாது, சில நிமிடத்தில் முடிந்துவிடும். பாதத்தின் நாடித்துடிப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். இத்தனை நாள் நடக்கும்போது சீனி இறங்கவும் கூடும், அதனால் குளிசையின் அளவையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்பு ஊசி எப்போது போட்டது என்றும் பாருங்கள்.

பாட்டாவை விட்டுவிடுங்கள். விரலிடுக்கில் வார் உராய்ந்து புண்ணாகும். அது கழலாமல் இருக்க விரல்களை இறுக்கி இறுக்கி நடப்பதும் கூடாது. ஓட்டச் சப்பாத்து அகலம் போதவில்லை என்று நினைக்கிறேன். அம்மாவை ஒரு கடதாசியில் நிற்க வைத்துக் காலைச் சுற்றிக் கோடு போடுங்கள். சப்பாத்தின் உள்தட்டை எடுத்து அதன்மேல் வைத்துப் பார்த்தால் விளங்கிவிடும்.

பதில் (கோமாரி)

நான் குழுக்களோடு காட்டுப்பாதையால் போகிறவன். வீதிக்கு நல்ல சப்பாத்து காட்டுக்கும் சரிவரும் என்றில்லை. உகந்தைக்கு அப்பால் மணல்தான். வலைத்துணி வைத்த ஓட்டச் சப்பாத்துக்குள் பொடிமணல் புகுந்து உள்ளே அரைத்துக்கொண்டே இருக்கும். கும்புக்கன் ஓயா ஆற்றில் இறங்கினால் நனையும், நனைந்த சப்பாத்து சுலபத்தில் காயாது. மறுபக்கம், திறந்த செருப்பில் சூரை முள்ளும் காரை முள்ளும் விரலில் ஏறும். மெல்லிய ரப்பர் அடியைத் துளைத்துக்கொண்டும் வரும்.

எனக்குச் சரிப்பட்டது, முன்பக்கம் மூடி, குதிக்குப் பின்னால் வார் இருக்கிற சாண்டில்ஸ். ஒட்டுப்பட்டி வைத்தது என்றால் கால் வீங்கும்போது தளர்த்தலாம், கோயில் வாசலில் கழற்றுவதும் சுகம். அடி தடிப்பாக இருக்க வேண்டும். பெருவிரலால் அழுத்தினால் உள்ளே போகிற அடி வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

கோடு போட்டுப் பார்த்தோம். சின்னவிரல் உள்தட்டுக்கு வெளியே நிற்கிறது! அந்தச் சப்பாத்தை எடுத்து வைத்துவிட்டோம். கிளினிக்கிலும் காட்டினோம். இரண்டு காலிலும் சில இடங்களில் உணர்ச்சி இல்லை. இரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது. வெறுங்காலோடு நடக்கவே கூடாது, முழுத் தூரமும் வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். வீதியில் வாகனத்தில் போய், காட்டுப்பாதையை மட்டும் மெதுவாக நடக்கலாமாம், அதுவும் கால் பழகினால்தான். அம்மா அழுகிறார். செருப்போடும் பாதித் தூரமும் போனால் நேர்த்தி நிறைவேறாது என்கிறார்.

பதில் (திருக்கோவில்)

அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். முருகனிடம் வாய்விட்டு நேர்ந்ததை அவனிடமே சொல்லி மாற்றிக் கேட்கலாம். எங்கள் ஊரில் வயது போனவர்கள் சித்திரவேலாயுதர் கோயில் வாசலில் காணிக்கை முடிந்து வைத்து, "இவ்வளவுதான் என்னால் ஏலும்" என்று சொல்லிவிட்டு உகந்தையிலிருந்து நடப்பார்கள். அவர்களின் நேர்த்தியை யாரும் குறைவாக நினைப்பதில்லை. மாணிக்க கங்கையில் தீர்த்தமாடிய பிறகு கோயில் வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்றத்தான் போகிறோம்.

பதில் (மட்டக்களப்பு, தாதி உத்தியோகம்)

கோயிலுக்குள் செருப்பில்லாமல் போகும் அந்தக் கொஞ்சத் தூரத்தையும் நிலம் சூடேற முதல், காலையில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வந்ததும் கால் கழுவிப் பாருங்கள்.

கோமாரித் தம்பி சொன்ன மாதிரிச் செருப்பே எடுங்கள். கால் சற்று வீங்கியிருக்கும் பின்னேரத்தில் போய், காலுறையோடு போட்டு, நின்றபடி பார்க்க வேண்டும். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்கட்டும். காலுறை வெள்ளை நிறமாக இருந்தால் இரத்தமோ நீரோ கசிந்தால் உடனே தெரியும். பருத்திக் காலுறை வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு உராயும். விளையாட்டுக்குப் போடும் செயற்கை நூல் காலுறை சுகம். மத்தியானம் ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

ஒவ்வொரு முறையும் செருப்பைத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிய பிறகே போட வேண்டும். தங்கும் இடத்தில் இரவு டோர்ச் அடித்து அடிப்பாதத்தையும் விரலிடுக்குகளையும் நீங்களே பாருங்கள். அம்மாவின் சொல்லை நம்பி விட வேண்டாம். குதிக்கு வாஸ்லின் பூசலாம், விரலிடுக்கில் பூசக் கூடாது. கால் அலுப்புக்குச் சுடுதண்ணீரில் வைக்கவே வேண்டாம், வெந்துபோனாலும் அவருக்குத் தெரியாது. கொப்பளம் கண்டால் குத்தாமல், தோலை உரிக்காமல், சுத்தமான துணியால் மூடி, வழியில் இருக்கும் முதலுதவிக்காரரிடம் காட்டுங்கள். அதற்கு மேல் அன்று நடை வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி அக்கா, அண்ணா. இன்று பின்னேரம் கல்முனைக்குப் போய்ச் செருப்பு வாங்குகிறோம். எவ்வளவு நாள் பழக வேண்டும்?

பதில் (கோமாரி)

குறைந்தது ஒரு மாதம். முதல் நாட்களில் வீட்டுக்குள் அரை மணித்தியாலம், பிறகு வீதி, அதன் பிறகு களுவாஞ்சிக்குடிக் கடற்கரை மணலில். ஒவ்வொரு நடைக்குப் பிறகும் காலைப் பாருங்கள். எங்காவது சிவந்து, ஒரு மணித்தியாலத்தில் மறையாவிட்டால் அந்தச் செருப்பு வேண்டாம். கடையில் மாற்றித் தருவார்களா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், பில்லையும் வைத்திருங்கள்.