ஜில், டெரிக் தம்பதி வெளியேறியது சரியா?

ஸ்டீபன்:
அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்து டகர் குடும்பத்தின் மகள் ஜில் 2023-இல் எழுதிய நினைவுக்குறிப்பைப் படித்தேன். பழமைவாதக் கிறிஸ்தவ இயக்கம் ஒன்றை நடத்திய பில் கோத்தார்டின் போதனையில் ஊறி, 19 பிள்ளைகளோடு டிவியில் வந்த குடும்பம் அது. அங்கிருந்து வெளியேறியதைக் குறை சொல்லவில்லை. பெற்ற தகப்பனைப் பணத்துக்காகச் சந்தி சிரிக்க வைத்தது பாவம். ‘உன் தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு’ என்ற வேதக் கட்டளைக்கு வயது வரம்பு கிடையாது.

மார்த்தா:
பிரதர், யார் யாருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று ஒன்றன்கீழ் ஒன்றாகக் குடைகளை வைத்துக் காட்டும் கோத்தார்டின் படத்தையே எடுத்துக்கொள்வோம். மேலே கிறிஸ்து, கீழே கணவன், அதற்கும் கீழே மனைவி. அதன்படி 2014-இல் கல்யாணம் ஆனதும் ஜில்லுக்குத் தலை டெரிக்தானே? நடந்தது வேறு. கல்யாணத்துக்கு முந்தின நாள் அப்பா நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அது டிவி ஒப்பந்தம் என்று பிறகுதான் தெரிந்ததாம். முதல் பிரசவத்தையும் படம்பிடித்தார்கள். ஆஸ்பத்திரிச் செலவையாவது கொடுங்கள் என்று டிவி நிறுவனத்திடம் கேட்டால், குடும்பத்துக்குக் கொடுத்தாயிற்று என்று பதில். எல் சால்வடாரில் ஊழியம் செய்தவர்களைப் படப்பிடிப்புக்கு வரச் சொன்னார்கள். ஆதியாகமம் 2:24 தகப்பனையும் தாயையும் விட்டு மனைவியோடு இசைந்திருக்கச் சொல்கிறது. மாமனார் சொற்படி நடக்கச் சொல்லவில்லை.

ஸ்டீபன்:
தங்கை ஜிஞ்சரும் அதே ஆண்டு புத்தகம் போட்டார். கோத்தார்டு சொன்னதை வேதத்தோடு வைத்துப் பார்த்து மறுத்தார், அவ்வளவுதான். பெற்றோரை இழுக்கவில்லை. இளம் தம்பதிகளுக்கு அதுவே நல்ல வழி.

கிரேஸ்:
இருவருக்கும் வாய்த்த கணவன்மார் அந்த இயக்கத்துக்கு வெளியே வளர்ந்தவர்கள். டெரிக் கல்லூரி படித்தவர், பிறகு சட்டமும் படித்தார். கணவன், மனைவி இருவருமே உள்ளே வளர்ந்திருந்தால்? வீட்டிலேயே படிப்பு, கல்லூரி வேண்டாம், கருத்தடை கூடாது. 25 வயதில் இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, வயிற்றில் ஒன்று. வேலை கொடுத்தவர் அப்பாவின் சிநேகிதர். விலகினால் அடுத்த மாத வாடகைக்கு எங்கே போவார்கள்? மனசு மாறிவிட்டால் மட்டும் போதாது, ஸ்டீபன். அப்புறம், 30-க்கும் மேற்பட்ட பெண்கள் பாலியல் தொல்லை என்று சொன்ன பிறகுதான் கோத்தார்டு 2014-இல் பதவி விலகினார். எல்லோரும் வாய்மூடி விலகியிருந்தால் அதுவும் நடந்திருக்காது.

ஸ்டீபன்:
கோத்தார்டுக்காக நான் வாதாடவில்லை. உழைத்தவருக்குக் கூலி உண்டு, சரி. அதைக் குடும்பத்துக்குள் கேட்டிருக்கலாம்.

மார்த்தா:
கேட்டார்களே! வக்கீல் வைத்த பிறகுதான் கொஞ்சமாவது பணம் வந்தது என்று ஜில்லே சொல்லியிருக்கிறார். புத்தகம் வந்தது அதற்கெல்லாம் பிறகு.