மகள் பிளஸ் டூவில் 441. மைத்துனர் முன்பணம் கட்டச் சொல்கிறார். என்ன செய்வது?

கயிற்றுக்கடை, கடலூர் முதுநகர்:

வலை, நைலான் கயிறு, மிதவை, ஈயக்குண்டு விற்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். நான் பத்தாவது வரை, மனைவி எட்டாவது வரை படித்தவர்கள். மூத்த மகள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தாள். பிளஸ் டூ தேர்வு முடிவு வந்துவிட்டது. கணக்கு உயிரியல் பிரிவு. தமிழ் 90, ஆங்கிலம் 78, கணக்கு 62, இயற்பியல் 68, வேதியியல் 71, உயிரியல் 72. மொத்தம் 441.

எங்களுக்கு இது குறைவாகத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிகிறது. கணக்கில் எண்பதைத் தாண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முடிவைப் பார்த்துக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தவள், அன்றிலிருந்து கேட்ட கேள்விக்கு மட்டும்தான் வாய் திறக்கிறாள். சாப்பாட்டைத் தட்டில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறாள்.

சென்னையில் இருக்கும் என் மைத்துனர், தெரிந்தவர் மூலம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் இடம் பேசி வைத்திருக்கிறார். இந்த வாரத்துக்குள் ஐம்பதாயிரம் முன்பணம் கட்ட வேண்டுமாம். தவறினால் இடம் போய்விடுமாம். மகளோ விலங்கியல் படித்துவிட்டுப் பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படிக்க வேண்டும் என்கிறாள். சின்ன வயதில் கடைக்கு வரும் சங்கரா, வஞ்சிரம், காரப்பொடி எல்லாவற்றையும் செவுளைத் திறந்து பார்த்தவள், ஆசை எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் மீனோடு நாங்கள் பட்டது போதும் என்றுதானே அவளைப் படிக்க வைத்தோம்?

இரண்டு கேள்விகள். கணக்குக்கு மறுமதிப்பீடு போடலாமா? முன்பணம் கட்டலாமா? மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அவளிடம் எப்படிப் பேச்சை எடுப்பது?


கணக்கு ஆசிரியர், பண்ருட்டி:

ஐயா, நேரடியாக மறுமதிப்பீட்டுக்குப் போக வேண்டாம். முதலில் படித்த பள்ளி மூலம் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். நகல் வந்த பிறகே மறுகூட்டலா, மறுமதிப்பீடா என்று முடிவு செய்ய முடியும். தேதி சில நாட்கள்தான் இருக்கும், பள்ளி அலுவலகத்தில் இன்றே கேளுங்கள்.

கணக்குத் தாள் 90 மதிப்பெண், அகமதிப்பீடு 10. பத்தும் முழுதாக வந்திருந்தால் உங்கள் மகள் தாளில் 52 வாங்கியிருக்கிறாள். நகலில் 41ஆம் கேள்வி முதல் 47 வரை முதலில் பாருங்கள். அவை ஐந்து மதிப்பெண் கேள்விகள், ஏழுக்கு 35. அங்கே ஒரு கணக்கு முழுதாகத் திருத்தப்படாமல் விடுபட்டிருந்தால் கேட்க நியாயம் இருக்கிறது. அடுத்து ஒவ்வொரு பக்கத்தின் மதிப்பெண்ணும் முகப்பில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் அந்தப் பணத்தை மிச்சப்படுத்தலாம். பாடம் நடத்திய ஆசிரியரோடு அவளே உட்கார்ந்து பார்க்கட்டும். எங்கே போயிற்று என்று கண்ணால் பார்த்துவிட்டால் பாதி மனக்குறை அங்கேயே தீர்ந்துவிடும். என் மாணவர்களிடம் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. மாடிக்குப் போவது பரவாயில்லை. தூக்கம் இல்லை, சாப்பிடுவதில்லை, இனி என்ன இருக்கிறது என்பதுபோல் பேசுகிறாள் என்றால் காத்திருக்காதீர்கள். 104க்கோ 14416க்கோ அழையுங்கள், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசுவார்கள்.


பிரவுசிங் சென்டர் அக்கா, செம்மண்டலம்:

அண்ணா, மே, ஜூன் இரண்டு மாதமும் என் கடையில் விண்ணப்பம் போட வரும் குடும்பங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காட்சி எப்போதும் ஒன்றுதான். கணினிக்கு முன்னால் இருக்கும் நாற்காலியில் அப்பா உட்காருவார். பக்கத்தில் சித்தப்பாவோ மாமாவோ. தேர்வு எழுதிய பிள்ளை பிரிண்டருக்குப் பக்கத்தில் சுவரோடு சுவராக நிற்கும். "எந்தப் பாடம் வேண்டும்மா?" என்று நான் பிள்ளையைக் கேட்பேன், மாமா பதில் சொல்வார். ஓடிபி அப்பாவின் எண்ணுக்கு வரும், அந்தக் கைப்பேசி வீட்டில் சார்ஜில் கிடக்கும். கடவுச்சொல்லை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள், அது சட்டையோடு துவைந்து போகும். கலந்தாய்வு நாளில் மூச்சிரைக்க ஓடி வருவார்கள்.

அதனால் எழுந்து நின்றுகொள்ளுங்கள், பிள்ளையை நாற்காலியில் உட்கார வையுங்கள் என்று நான் சொல்லிவிடுவேன். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். எண் பிள்ளையுடையது, மின்னஞ்சல் பிள்ளையுடையது, கடவுச்சொல் பிள்ளையின் நோட்டில். நாற்காலி மாறியதும் பிள்ளைக்குப் பேச்சு வந்துவிடும். வாயே திறக்காத பையன் ஒருவன் மவுஸைக் கையில் பிடித்ததும் "இந்தக் கல்லூரிக்குப் போகப் பஸ் இரண்டு மாற வேண்டும்பா, வேண்டாம்" என்று அப்பாவைத் திரும்பிப் பார்த்துச் சொன்னான். உங்கள் மூன்றாவது கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான். எதிரே உட்கார வைத்துப் பேசினால் விசாரணைபோல் ஆகிவிடும். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு திரையையோ தாளையோ இருவரும் பார்த்தால் பேச்சு தானாக வரும்.

இனி முன்பணம். கட்டாதீர்கள். அவளுடைய பொறியியல் கட்-ஆஃப் கணக்கு 62, இயற்பியலில் பாதி 34, வேதியியலில் பாதி 35.5. ஆக 200க்கு 131.5. இதற்கு அண்ணா பல்கலைக்கழக வளாகம் கிடைக்காது, ஆனால் அரசுக் கலந்தாய்வில் ஏதோ ஒரு கல்லூரியில் இடம் கிடைக்கும். சிறுபான்மையினர் கல்லூரிகளை விட்டுவிட்டால் தனியார் கல்லூரிகள் நூற்றுக்கு 65 இடங்களைக் கலந்தாய்வுக்குக் கொடுக்க வேண்டும். எந்தக் கல்லூரி எந்தச் சமூகப் பிரிவுக்கு எந்தக் கட்-ஆஃபில் முடிந்தது என்று முந்தைய ஆண்டுகளின் பட்டியல் இணையதளத்திலேயே இருக்கிறது. மைத்துனர் பேசி வைத்திருக்கும் அதே கல்லூரியை அதில் தேடிப் பாருங்கள். கலந்தாய்விலேயே கிடைக்கக்கூடிய இடத்துக்கு ஐம்பதாயிரம் முன்பணம் கேட்கிறார்களா என்பது அங்கே தெரிந்துவிடும்.

பெரிய இழப்பு வேறு. உங்கள் வீட்டில் பட்டதாரி யாரும் இல்லை. கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் முதல் பட்டதாரிக் கல்விக் கட்டணச் சலுகை. மைத்துனர் பேசி வைத்திருப்பதுபோல் நிர்வாக ஒதுக்கீட்டில், அதாவது கல்லூரி தானே நிரப்பும் இடத்தில், சேர்ந்துவிட்டால் அது கிடையாது. இதைத் தரகர்கள் சொல்லவே மாட்டார்கள்.

இடையில் ஒரு குழப்பம் எல்லோருக்கும் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். 7.5 சதவீத இட ஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும். உதவி பெறும் பள்ளிக்கு இல்லை. ஆனால் புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய், உதவி பெறும் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்வழியில் படித்த பெண்களுக்கும் உண்டு. உங்கள் மகளுக்குக் கிடைக்கும். அவள் கேட்கும் விலங்கியல் இருக்கும் பெரியார் கலைக் கல்லூரி இங்கேயே தேவனாம்பட்டினத்தில். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்திலேயே பொறியியலின் நான்கு ஆண்டுக் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாவற்றையும் எழுதுங்கள். கடை வருமானத்தில் எவ்வளவு ஒதுக்க முடியும் என்பதையும் அவளுக்குத் தெரியும்படி எழுதுங்கள். பணத்தைப் பற்றிப் பிள்ளையிடம் பேசக் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். பதினேழு வயதுப் பெண்ணுக்கு வீட்டுக் கடன் எவ்வளவு என்பது நமக்கு முன்னாலேயே தெரியும். நாம் சொல்லாமல் விட்டால் அவள் தன் ஆசையைத் தானே வெட்டிவிடுவாள், அல்லது இல்லாத பணத்தை நம்பிக் கேட்பாள்.


பாகூர்க்காரன்:

மேலே சொன்னதில் பாதிக்கு உடன்படுகிறேன். முன்பணம் வேண்டாம், சரி. ஆனால் பொறியியலை அப்படியே தள்ளிவிடவும் வேண்டாம். பி.எஸ்சி. மூன்று வருடம், எம்.எஸ்சி. இரண்டு வருடம், அதற்கு மேல் பி.எச்டி. இல்லாமல் நல்ல வேலை என்றால் கஷ்டம். கயிற்றுக் கடை வருமானத்தில் இளைய பிள்ளைகளும் இருந்தால் ஐந்து வருடம் காத்திருப்பது சாதாரண விஷயமா? ஆசையை மதிக்கலாம், அரிசி விலையையும் மதிக்க வேண்டும்.

கடலூர்ப் பள்ளிகளில் படிக்கும் எங்கள் புதுச்சேரிப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்திருந்தாலும், பூர்வீகம் புதுச்சேரி என்றால் தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் பொதுப்பிரிவில்தான் வருவீர்கள். புதுச்சேரியின் சேர்க்கைக் குழுவான சென்டாக் விண்ணப்பத்தையும் சேர்த்தே போட்டுவிடுங்கள். பாகூரிலிருந்து கடலூர் கூப்பிடு தூரம்தான், விண்ணப்பத்தில் மட்டும் அது வேறு மாநிலம்.


பிரவுசிங் சென்டர் அக்கா, செம்மண்டலம்:

பாகூர் அண்ணா, நான் எங்கே தள்ளச் சொன்னேன்? இரண்டுக்கும் விண்ணப்பம் போடலாம். அரசுக் கலைக் கல்லூரி விண்ணப்பத்துக்கு ஆகும் செலவு இரண்டு காபிக் காசு. பொறியியலுக்கும் பதிந்து வைக்கலாம். மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மீன்வள அறிவியல் பட்டமான பி.எஃப்.எஸ்சி.க்கும் போடலாம், அவள் எடுத்த பிரிவு பொருந்தும். ஆனால் அங்கே இடங்கள் குறைவு, கட்-ஆஃப் உயரத்தில் நிற்கும், அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். கதவை நாம் சாத்தக் கூடாது, மைத்துனரும் சாத்தக் கூடாது என்பதுதான் என் பேச்சு.


இறால் பொரிப்பகம், மரக்காணம்:

அந்தப் பெண் கேட்கும் படிப்பை நான் படித்தேன். பெரியார் கல்லூரியில் விலங்கியல், பிறகு பரங்கிப்பேட்டை. வெள்ளாற்றின் கழிமுகத்தில் அந்த வளாகம். சேற்றில் முழங்கால் வரை இறங்கி மாதிரி எடுத்து, கரையேறி நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்போம். அந்த இரண்டு வருடத்தை எதற்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

ஆனால் பாகூர்க்காரர் சொல்வதில் உண்மை இருக்கிறது. இப்போது இறால் குஞ்சு பொரிக்க வைக்கும் பண்ணையில் நான் பார்க்கும் வேலையில் கடல் அலை குழாய் வழியாகத்தான் வருகிறது. வனாமி இறால் குஞ்சுகளில் வெள்ளைப்புள்ளி வைரஸ் இருக்கிறதா என்று பிசிஆர் கருவியில் சோதிப்பது, தொட்டித் தண்ணீரின் உப்பளவும் அம்மோனியாவும் குறிப்பது, குஞ்சு விற்பனைக்குப் போகும் இரவுகளில் விடிய விடிய எண்ணிக்கை சரிபார்ப்பது. தொடக்கச் சம்பளம் சென்னையில் கணினி வேலை பார்க்கும் என் வகுப்புத் தோழி வாங்கியதில் பாதிக்கும் கீழே. பெண்கள் இரவு வேலை பார்ப்பதை விரும்பாத முதலாளிகளும் உண்டு. மீன்வளத்துறைத் தேர்வுகள் எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

இதையெல்லாம் பயமுறுத்தச் சொல்லவில்லை. திமிங்கலமும் பவளப்பாறையும் மனதில் வைத்துக்கொண்டு வருபவர்கள் முதல் ஆண்டிலேயே சோர்ந்துபோகிறார்கள். செவுளைத் திறந்து பார்க்கும் பெண் என்றீர்கள், அவள் சோர மாட்டாள் என்றே தோன்றுகிறது. மரக்காணத்திலிருந்து புதுச்சேரி வரை கடற்கரையோரம் பொரிப்பகங்கள் இருக்கின்றன. அனுமதி கேட்டுவிட்டு ஒருநாள் அவளை அழைத்து வாருங்கள். கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள், கேள்வி எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். பணத்துக்குச் சொல்வதானால், பி.எஸ்சி. படிக்கும்போதே ஆய்வகத் தொழில்நுட்பமும் கணினியும் கொஞ்சம் கற்றுக்கொள்ளட்டும். எனக்கு வேலை வாங்கித் தந்தது பிசிஆர் தெரிந்திருந்ததுதான்.


கயிற்றுக்கடை, கடலூர் முதுநகர்:

எல்லோருக்கும் நன்றி. விடைத்தாள் நகலுக்குப் பள்ளியில் எழுதிக் கொடுத்துவிட்டோம். மைத்துனரிடம், கலந்தாய்வு முடியும்வரை பணம் இல்லை என்று மனைவியே சொல்லிவிட்டாள், நான் சொன்னால் சண்டையாகியிருக்கும். அவர் கோபமாகத்தான் இருக்கிறார்.

நேற்று இரவு கடைக் கணக்கு நோட்டைக் கொண்டுபோய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வரவு இவ்வளவு, மீன்பிடித் தடைக்காலத்தில் இவ்வளவுதான் என்று காட்டினேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, அந்த இரண்டு மாதமும் எங்களுக்கு வியாபாரம் மந்தம், கல்லூரிக் கட்டணம் கட்டும் நேரமும் அதை ஒட்டியேதான் வருகிறது. அவள் நோட்டை வாங்கிக் கடன் பக்கத்தைத் திருப்பி, "இந்தப் படகுக்காரர் இன்னும் தரவில்லையா?" என்று கேட்டாள். பிறகு விண்ணப்பத்துக்கு எப்போது போகலாம் என்றாள். மரக்காணம் போவது பற்றிச் சொன்னேன், மாற்று உடை எடுத்து வர வேண்டுமா என்று கேட்கச் சொல்கிறாள்.

முதல் பட்டதாரிச் சான்றுக்கு என்னென்ன வேண்டும்? மைத்துனர் பி.காம். படித்தவர், அதனால் கிடைக்காது என்று ஒருவர் சொன்னார்.


இறால் பொரிப்பகம், மரக்காணம்:

மாற்று உடை கட்டாயம். செருப்பு பழையதாக இருக்கட்டும்.


பிரவுசிங் சென்டர் அக்கா, செம்மண்டலம்:

மைத்துனர் தடையில்லை அண்ணா, அவர் மூன்று பட்டம் வாங்கியிருந்தாலும் சரி. அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள், இரு வழித் தாத்தா பாட்டி, இவர்களில் பட்டதாரி இருக்கிறார்களா என்றுதான் பார்ப்பார்கள். இ-சேவையில் பதிந்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாகப் போய் வரும். ஜூனில் எல்லோரும் ஒரே நேரத்தில் போடுவார்கள், முன்கூட்டியே போட்டுவிடுங்கள். ஆதார், குடும்ப அட்டை, உங்கள் இருவரின் பள்ளிச் சான்று, அவளுடைய மாற்றுச் சான்றிதழ், புகைப்படம். சாதிச் சான்று, வருமானச் சான்று பழையதாக இருந்தால் அவற்றையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள்.

எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்துக்கொண்டு மூலச் சான்றிதழ்களைக் கையோடு திருப்பிக் கொடுத்துவிடுவேன். கல்லூரியும் பார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்றுதான் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்திருக்கிறது. "இடத்தைப் பிடித்து வைக்க" மூலச் சான்றிதழைக் கொடு என்று யார் கேட்டாலும், மைத்துனரே கேட்டாலும், கொடுக்காதீர்கள்.