றொக் பாணித் துதிப்பாட்டுகளை அக்குஸ்ரிக்கில் திரும்பப் பாடுவது எப்படி?

பரந்தன் பேஸ்:
வணக்கம். பரந்தன் பக்கம் ஒரு சிறிய சபையில் பேஸ் கிற்றார் வாசிக்கிறேன். பெடியன்கள் சேர்ந்து எழுதிய பாட்டுகள் கொஞ்சம் இருக்கின்றன. எல்லாம் டிஸ்ரோர்ஷனும் (எலக்ரிக் கிற்றார் சத்தத்தைக் கரகரப்பாக்குவது) ட்றம்ஸும் போட்டுச் செய்தவை. இப்போது வாசித்தவர்களில் பாதிப்பேர் வெளிநாட்டில். ட்றம்ஸ் அடித்தவர் கலியாணம் முடித்து வவுனியாவுக்குப் போய்விட்டார். மிச்சம் இரண்டு அக்குஸ்ரிக் (கரண்ட் தேவையில்லாத) கிற்றார், நான், வயலின் படிக்கிற ஒரு தங்கச்சி.

ஜார்ஸ் ஒஃப் க்ளே என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ இசைக்குழு 2014இல் '20' என்ற அல்பம் செய்தார்களே, இரசிகர்களிடம் வாக்குக் கேட்டுப் பழைய பாட்டுகளைத் தெரிவு செய்து, அக்குஸ்ரிக்காகத் திரும்பப் பதிந்தது. அதைப் போல நத்தாருக்கு முதல் நாங்களும் செய்யலாம் என்று பார்த்தோம். வாசித்தால் ஒத்திகை நடுவில் கரண்ட் போன மாதிரி இருக்கிறது. எங்கே பிழைக்கிறது?

மாங்குளத்தான்:
தம்பி, நீங்கள் பிடித்த முன்மாதிரியே உங்களுக்குப் பொருந்தாது. ஜார்ஸ் ஒஃப் க்ளே அடிப்படையில் அக்குஸ்ரிக் குழுதான். 1995இல் வந்த முதல் அல்பத்தைப் போட்டுக் கேளுங்கள். பெரிய ஹிட்டான 'ஃப்ளட்' பாட்டே அக்குஸ்ரிக் கிற்றாரை விறுவிறு என்று அடித்து ஓடுகிற பாட்டு, நடுவில் வயலின் வகையறா வேறு. 2003இல் 'ஃபர்தர்மோர்' என்று இரட்டை அல்பம் போட்டார்கள். அதிலும் ஒரு தட்டு முழுக்கப் பழைய பாட்டுகளை ஸ்ரூடியோவில் அமைதியாகத் திரும்ப வாசித்ததுதான். அவர்கள் தங்கள் வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள். உங்கள் பாட்டுகள் பிறந்ததே அம்பிளிஃபயருக்குள்.

உங்கள் கிற்றார்காரர் பழைய பவர் கோர்டையே பிடிக்கிறார் என்று நினைக்கிறேன். அதில் இரண்டே சுரம்தான், சட்சமும் பஞ்சமமும். டிஸ்ரோர்ஷன் போட்டால் அதுவே மலைபோல நிற்கும். வெறும் மரக் கிற்றாரில் எலும்பு மட்டும் கேட்கும். காந்தாரத்தையும் சேர்த்து முழுக் கோர்டாகப் பிடிக்கச் சொல்லுங்கள். அடுத்தது, டிஸ்ரோர்ஷனில் ஒருதரம் அடித்து விட்டால் சத்தம் நீண்டு நிற்கும். அக்குஸ்ரிக்கில் உடனே செத்துவிடும். அந்த நீளமான இடங்களை வயலினுக்குக் கொடுங்கள். தங்கச்சி பெரிதாக ஒன்றும் வாசிக்கத் தேவையில்லை, ஒரே சுரத்தை இழுத்துப் பிடித்தாலே போதும்.

இரண்டு கிற்றாரும் ஒரே பிடியை ஒரே இடத்தில் அடிப்பதில் பிரயோசனம் இல்லை. பாட்டு டி ஸ்கேலில் என்றால் ஒருவர் சாதாரண டி பிடிக்கட்டும், மற்றவர் கிற்றார்க் கழுத்தின் ஐந்தாம் கட்டையில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கிற கிளிப்) போட்டு ஏ வடிவம் பிடிக்கட்டும். சுரம் ஒன்று, நிறம் வேறு.

குரலையும் கவனியுங்கள். ட்றம்ஸுக்கு மேலால் கேட்கவேண்டும் என்றுதானே அந்தக் கோரஸ்களை உச்சத்தில் எழுதியிருப்பீர்கள்? இப்போது எதிர்ச்சத்தம் இல்லை. ஒரு முழுச் சுரம், ஒன்றரைச் சுரம் இறக்கினால் சபையில் இருக்கிற அம்மாமாரும் சேர்ந்து பாடுவார்கள்.

எல்லாப் பாட்டும் இதற்குச் சரிவராது. கிற்றார் றிஃபை (திரும்பத் திரும்ப வருகிற சிறு கிற்றார் துணுக்கை) மட்டும் நம்பி நிற்கிற பாட்டை விட்டுவிடுங்கள். வாத்தியம் ஒன்றும் இல்லாமல் கைதட்டிப் பாடிப் பாருங்கள், நிற்கிற பாட்டுகளை மட்டும் எடுங்கள்.

கனகராயன் ஆறு:
மாங்குளத்தான் அண்ணை சொன்னது எல்லாம் சரி. ஆனால் இந்தத் தலைப்பைப் பார்க்கச் சிரிப்பு வந்தது. தொண்ணூறுகளில் வன்னியில் கரண்டும் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட ஆட்கள் நாங்கள். பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்தில் ஆர்மோனியமும் டோலக்கும்தான் ஆராதனை. அப்போது அதற்கு அக்குஸ்ரிக் என்று பெயர் வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை! தம்பி, பாட்டின் ஓட்டத்தையும் கொஞ்சம் தளர்த்துங்கள். றொக் வேகத்தில் சொற்கள் விழுங்கப்பட்டுவிடும்.

பரந்தன் பேஸ்:
நன்றி அண்ணாமார். பவர் கோர்டு விசயம் அப்படியே உண்மை, இன்று பின்னேரமே கேட்டுப் பார்த்தேன். ட்றம்ஸுக்குப் பதில் என்ன செய்வது? கஹோன் (மேலே இருந்து கையால் தட்டுகிற மரப்பெட்டி) வாங்கக் காசு இல்லை.

மாங்குளத்தான்:
வாங்காதீர்கள், ஊர்த் தச்சரிடம் செய்விக்கலாம். பெட்டி ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர் அகலம், 30 ஆழம், 48 உயரம். பக்கங்களுக்கு 12 மில்லிமீற்றர் பிளைவுட். தட்டுகிற முன்பலகை மட்டும் 3 அல்லது 4 மில்லிமீற்றர், அது தடித்தால் வெறும் மேசைதான். பழைய கிற்றார் கம்பி இரண்டு மூன்றை உள்பக்கம் முன்பலகையோடு உரசும்படி இழுத்துக் கட்டினால் ஸ்நெயர் ட்றம்மின் சரசரப்புச் சத்தம் வரும். பின்பலகையில் கை நுழைகிற அளவு வட்ட ஓட்டை வேண்டும். தச்சர் அது எதற்கு என்று கேட்பார், கட்டாயம் வெட்டச் சொல்லுங்கள்.

போனில் பதிவதென்றால் விடிய வேண்டாம். மயில் கத்துவது வயலினை விடத் தெளிவாகப் பதியும்.