புதுப்பிப்பு: வாசற்படியில் விழுந்த கதைக்குப் பிறகு

மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர மறந்து, குடித்துவிட்டு வாசற்படியிலேயே விழுந்து கிடந்ததை இங்கே எழுதியிருந்தேன். அவள் தானாக நடந்து வந்து, என் செருப்பைக் கழற்றி ஜோடியாக ஓரத்தில் வைத்திருந்தாள். இனி தொடமாட்டேன் என்று அன்று எழுதினேன். நான்காம் நாளே தொட்டேன். அவமானம் தாங்காமல்தான் குடித்தேன் என்றால் சிரிப்பீர்கள், ஆனால் அதுதான் நடந்தது.

அப்புறம் ஒருநாள் காலையில் மொத்தமாக நிறுத்தினேன். சாயங்காலத்துக்குள் கை நடுக்கம், வியர்வை. டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. மனைவி மருத்துவரிடம் இழுத்துப் போனாள். அவர் திட்டியது குடித்ததற்காக அல்ல, சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்தியதற்கு. தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று விட்டால் முதல் 2 நாளில் வலிப்பு வரலாம், பிறகு சித்தப்பிரமை, உயிருக்கே ஆபத்து என்றார். சில நாளுக்கு மாத்திரை, கூடவே தயமின் (வைட்டமின் பி1). "மன உறுதி இருந்தால் போதும்" என்று பதில் போட்ட நண்பர்கள் இதைக் கவனிக்கவும்.

இன்று 47-வது நாள். சாயங்காலம் 6 மணிதான் இன்னும் கஷ்டம். அந்த நேரத்தில் மகளோடு நடக்கப் போகிறேன். அவள் இன்னும் என் வாயருகே வந்து மோந்து பார்க்கிறாள். பார்க்கட்டும்.