புதுப்பிப்பு: சிறிய மரப் புத்தக அலமாரி முடிந்தது
சிறிய புத்தக அலமாரியின் சட்டகத்தைப் பொருத்திவிட்டதாக முன்பு எழுதியபோது, தட்டுகள் தொய்யாதா என்றும் எந்தப் பூச்சைத் தேர்ந்தெடுப்பேன் என்றும் சிலர் கேட்டிருந்தீர்கள்.

தொய்வைத் தீர்மானிப்பதில் நீளமே முதன்மையானது. தட்டு நிறையப் புத்தகங்கள் அடுக்கும்போது, நீளம் இரட்டித்தால் தொய்வு 16 மடங்காகும். தடிமனை இரட்டித்தாலோ அது எட்டில் ஒரு பங்காக மட்டுமே குறையும். ஆகவே 18 மி.மீ. பலகையையே வைத்துக்கொண்டு, அலமாரியின் அகலத்தை, அதாவது தட்டுகளின் நீளத்தை, 60 செ.மீ.க்குள் நிறுத்தி, தட்டுகளின் முனைகளைப் பக்கப்பலகைகளில் வெட்டிய காடிகளில் (நீள்பள்ளங்களில்) பசையிட்டு அமர்த்தினேன். மெல்லிய பிளைவுட் பின்பலகை அலமாரி பக்கவாட்டில் சாயாமல் காக்கிறது. அதைத் தவிர்க்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

உப்புத்தாளை 120, 180, 220 என்ற சொரசொரப்பு எண்களின் வரிசையில், மரத்தின் இழையோட்டத்தை ஒட்டியே தேய்த்தேன். இடையில் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் அமுங்கிய இழைகள் எழும்பும்; உலர்ந்தபின் இறுதித் தாளால் அவற்றை மெல்ல நீக்கிவிடலாம்.

பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெயைத் தேர்ந்தேன். மரத்தின் நிறம் அதில் ஆழமாகத் தெரிகிறது. எண்ணெய் நனைந்த துணிகளைச் சுருட்டிக் குவித்து வைத்தால் அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும் என்பதால், வெளியில் தனித்தனியாக விரித்து உலர்த்துங்கள். எண்ணெய் முழுமையாக இறுகும்வரை புத்தகங்களை அடுக்க வேண்டாம். அட்டைகளில் கறை படியும்.